கரைப் பெட்டியின் நேரம்

பதினொரு பெட்டிகள் ஒரே மணியைக் காட்டின. கொள்ளிடக் கரையில் இருந்த பெட்டி மட்டும் பதினேழு நிமிடம் பின்னால் இருந்தது.

ஜெயபாரதி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள். பதினேழுதான். திருப்பனந்தாள் கடைத்தெருவில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். கீழே அடுக்கியிருந்த யூரியா மூட்டைகளின் கார நெடியும் பூச்சிமருந்தின் தித்திப்பான வாடையும் படியேறி வந்து, மழைக்காக மூடி வைத்திருந்த ஜன்னலுக்குள் அடைபட்டுக் கிடந்தன. ஐப்பசி மழை காலையிலிருந்து விடவில்லை. மூலையில் இன்வெர்ட்டர் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு இன்டர்நெட் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. ஊருக்கு ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். கேபிளைக் கவனித்துக்கொண்டே இருந்து, எங்கே அறுந்தது, எப்போது அறுந்தது என்று சொல்வது அந்தப் பெட்டியின் வேலை. பெட்டிகளின் கடிகாரங்கள் முன்னும் பின்னுமாக ஓடினால், எந்த ஊரில் முதலில் அறுந்தது என்று தெரியாது. கோளாறு ஓர் ஊரில் இருக்க, ஆள் இன்னோர் ஊரில் மழையில் கம்பம் ஏறிக்கொண்டிருப்பான். அதனால் எல்லாப் பெட்டிகளும் ஆபீஸில் இருக்கும் தலைமைக் கடிகாரத்தைக் கேட்டுத் தங்கள் மணியைத் திருத்திக்கொள்ளும்படி அமைக்கவேண்டும். செய்யவேண்டும் என்று ஜெயபாரதி பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலாளி வைரக்கண்ணு காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது சென்னைக் கம்பெனி ஒன்று மொத்தத்தையும் வாங்கிக்கொள்ள வருகிறது என்றதும், இன்று சாயங்காலத்துக்குள் முடித்தாகவேண்டும் என்கிறார். இருட்டியதும் அங்கிருந்து ஓர் என்ஜினியர் கம்ப்யூட்டர் வழியாகவே எல்லாவற்றையும் பார்வையிடுவாராம்.

அவள் கம்ப்யூட்டர் வழியாகக் கரைப் பெட்டிக்குள் நுழைந்து மணியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு இழுத்தாள். சரியான நேரம் வந்தது. மூச்சு விடுவதற்குள் மறுபடி பின்னால் போய் நின்றது. திரும்பத் திருத்தினாள். திரும்பவும் அதே பதினேழு.

அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. நின்றுபோன கடிகாரம் என்றால் இடைவெளி வளரவேண்டும். மெதுவாக ஓடும் கடிகாரம் என்றாலும் வளரவேண்டும். இது வளரவுமில்லை, குறையவுமில்லை. தெருவில் நமக்குப் பின்னால் வரும் ஒருவன், நாம் வேகமாக நடந்தாலும் மெதுவாக நடந்தாலும் அதே தூரத்தைக் காப்பாற்றிக்கொண்டு வருவதுபோல, அது வந்துகொண்டிருந்தது.

வைரக்கண்ணு போனில் வந்தார்.

"ஏம்மா, இன்னும் ஒண்ணு சிவப்பாவே நிக்குதே?"

"கரைப் பெட்டி சார். சரிபண்ணா திரும்பப் பின்னாடி போயிடுது."

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசை மாட்டு."

"கொள்ளிடத்துல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு சார். கரைப்பக்கம் யாரும் போகாதீங்கன்னு ஆட்டோல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போனாங்க. நாளைக்குக் காலையில…"

"பெட்டி இருக்கற ரூம் கரைமேலதானே இருக்கு? ஆத்துக்குள்ளயா கட்டி வெச்சிருக்கேன்? அப்சரை அனுப்பு. ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு எனக்கு ஆத்தைப் பத்திப் பாடம் எடுக்காத."

வைத்துவிட்டார். ஜெயபாரதி வாய்க்குள் ஒரு வார்த்தை சொன்னாள். கும்பகோணத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, இந்த நெடியில் உட்கார்ந்து, கம்பெனியின் ஒவ்வொரு கேபிளும் எந்த மரத்தைத் தொட்டுப் போகிறது என்பதுவரை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். மேனேஜர் என்ற பெயரோ வைரக்கண்ணுவின் மச்சானுக்கு. அவர் தீபாவளிக்கு முந்தின நாள் மட்டும் வருவார்.

அப்சர் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. சவூதியில் தம்மாமில் வேலை பார்த்த கம்பெனி ஒரே நாளில் கதவைச் சாத்தியதால் ஊர் திரும்பியவன். முப்பது வயது. கல்யாணம் ஆகி, ஷிஃபா என்று கைக்குழந்தை. "அங்க அம்பது டிகிரி வெயில்ல கேபிள் இழுத்தவன்க்கா நான். இந்தத் தண்ணி என்ன பண்ணிடும்?" என்று சொல்லிக்கொண்டே புதுப் பெட்டியை ஒரு காலி உரச்சாக்கில் சுற்றினான்.

"போகவேணாம்னு நீயே சொல்லேன் தம்பி. நானும் சொல்றேன். ரெண்டு பேரா சொன்னா…"

"சொன்னா வேற ஆளை வெச்சுக்குவாரு. நம்ம ரெண்டு பேருக்கும் பதிலா ஒரே ஆளு." சிரித்தான். படியில் இறங்கும் சத்தம், பிறகு பைக் உறுமல், பிறகு மழை.

கரைக்குப் போனதும் கூப்பிட்டான். காற்று இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் பிய்ந்து பிய்ந்து வந்தது. தண்ணீர் நாணல் மேலே ஏறிவிட்டது. ஆனால் ரூம் பத்திரமாக இருக்கிறது. உள்ளே போகிறேன் என்றான். கொஞ்ச நேரத்தில் பழைய பெட்டி அணைந்தது. புதுப் பெட்டி திரையில் வந்தது.

பதினேழு நிமிடம் பின்னால்.

ஜெயபாரதி நாற்காலியில் மெல்லச் சாய்ந்தாள். சாக்கைப் பிரித்து எடுத்த புத்தம்புதுப் பெட்டி. காலையில் இதே மேஜையில் வைத்து அவள் கையால் மணி அமைத்தது.

போன் வந்தது. இப்போது இரைச்சல் இல்லை. ரொம்பத் தெளிவாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா நம்புவீங்களா? வெளிய நிக்கும்போது என் செல்லுல மணி சரியாதான் இருந்துச்சு. உள்ள வந்து கதவைச் சாத்தினேன், அதுவும் பின்னாடி போயிடுச்சு."

"டவர் மாறியிருக்கும்."

"மணி எப்படிக்கா மாறும்?"

"நீ கிளம்பு தம்பி. பெட்டி எப்படியோ போகட்டும். நான் அவர்கிட்டப் பேசிக்கிறேன்."

"இருங்க, பேட்டரி வயரையும் ஒருதடவை பாத்துடுறேன். திரும்பத் திரும்ப ஓட முடியாதுல்ல."

வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கீழே உரக்கடைக்காரர் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிடும் சத்தம் கேட்டது. கும்பகோணம் டவுன் பஸ் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. பிறகு ஓர் இடி, நீளமாக உருண்டு, நடுவில் ஒருமுறை முறிந்து, மறுபடி உருண்டது. கட்டடமே ஒருமுறை குலுங்கியது போல, ஜன்னல் கம்பிகள் அதிர, கருவிகளின் விளக்குகள் சிமிட்ட, இன்வெர்ட்டரின் சுருதி கீழிறங்கி மறுபடி ஏறியது. பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஒலித்து அடங்கியது. அவள் எழுந்து டியூப் லைட்டைப் போட்டாள். மேஜைக்கு இடப்பக்கம் இருந்த பெரிய ஜன்னல் கண்ணாடியில் தெரு மறைந்து, ஆபீஸும் அவளும் தெரிய ஆரம்பித்தார்கள்.

அப்சர் இன்னும் கிளம்பியதாகச் சொல்லவில்லை. அவள்தான் கூப்பிட்டாள்.

"இன்னும் என்ன பண்றே? இருட்டிப்போச்சு."

"இருட்டலையேக்கா. வெளிச்சம் நல்லாத்தானே இருக்கு. வென்டிலேட்டர் வழியாத் தெரியுது, மேகத்துக்கு அடியில மஞ்சளா, அழகா…"

ஜெயபாரதி ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டு. ஆறேழு கிலோமீட்டர் தூரத்தில் எப்படி வெளிச்சம் இருக்கும்? கேட்க வாயெடுத்தாள். அதற்குள் போனில் ஓர் இடி விழுந்தது. நீளமாக உருண்டு, நடுவில் ஒருமுறை முறிந்து, மறுபடி உருண்டு அடங்கிய இடி. அதே இடி. அதன் முறிவுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. அது உருண்டு முடிந்ததும் எங்கோ தூரத்தில், காற்றில் கரைந்து, பாங்கு.

"அப்பாடி, என்னா இடி! பாங்கும் சொல்லிட்டாங்க," என்றான் அப்சர். "நேரமாச்சு. முடிச்சிட்டு வந்துடுறேன்க்கா."

ஊருக்கு ஊர் பாங்கு நேரம் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். இடிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. யூரியா நெடிக்கு அடியிலிருந்து வேறொரு வாடை மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. வண்டலும் அழுகிய நாணலும் கலந்த, புதுத்தண்ணீரின் பச்சை வாடை. மழையல்லவா, தெருச் சாக்கடை பொங்கியிருக்கும் என்று நினைத்தாள்.

கை போனை வைப்பதற்குள் அது அடித்தது. செந்தில்குமார். கரையோரம் நிலம் வைத்திருக்கும் விவசாயி. அந்த ரூமுக்கு இடம் கொடுத்தவர் அவர்தான். மூச்சிரைக்கப் பேசினார்.

"மேடம், உங்க ரூம் போயிடுச்சு மேடம்."

"எங்க போச்சு?"

"ஆத்துக்குள்ள. இப்பத்தான், என் கண்ணு முன்னாடி. கரை அப்படியே கேக் மாதிரி வெட்டிக்கிட்டு ரூமோட உள்ள போயிடுச்சு. மேல ஒரு பைக் நிக்குது. உள்ள ஆளு யாரும் இல்லையே?"

ஜெயபாரதிக்குத் தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. "இல்ல, அவரு… இப்பத்தானே பேசினாரு. லைன் நல்லா இருக்கு. பெட்டிகூட ஓடிக்கிட்டிருக்கு."

"எந்தப் பெட்டி மேடம்? நான் டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். ரூம் இருந்த இடத்துல சுழிதான் போவுது. பக்கத்துல போக முடியல, கரை இன்னும் பிளந்துக்கிட்டு வருது."

அவள் திரையைப் பார்த்தாள். கரைப் பெட்டி உயிரோடு இருந்தது. மணி மட்டும் சிவப்பில். ஒழுங்காக, ஒவ்வொரு வினாடியாக, பதினேழு நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால்.

அங்கே இன்னும் இருட்டவில்லை. அங்கே இப்போதுதான் பாங்கு சொன்னார்கள். அங்கே இன்னும் கரை வெட்டவில்லை.

அப்சரின் எண்ணை அழுத்தினாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. எடு. எடு தம்பி.

"சொல்லுங்கக்கா."

"வெளிய வா. உடனே. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வா."

"என்னக்கா ஆச்சு?"

"கரை உடையப்போவுது. எப்படித் தெரியும்னு கேக்காத. வெளிய வந்து மேட்டுப்பக்கம் ஓடு!"

அவள் குரலிலிருந்தது அவனுக்குப் புரிந்திருக்கவேண்டும். கேள்வி கேட்கவில்லை. காலடி. இரும்பு உரசல். பிறகு ஒரு தட்டல். இன்னொன்று.

"கதவு சிக்கிக்கிச்சுக்கா. மழையில உப்பிடுச்சு போல. தாப்பா வரமாட்டேங்குது."

"உதை."

"உதைக்கிறேன்."

தட். தட். தட். ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் தானாகக் குலுங்கியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், போனைக் காதோடு நசுக்கிக்கொண்டு, "இன்னும் வேகமா, ஸ்பேனரால அடி" என்று கத்தினாள். நேரம் இருந்தது. இன்னும் நேரம் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடிகாரம் பின்னால் ஓடுவதற்காக அவள் நன்றி சொன்னாள்.

"அக்கா."

"சொல்லு."

"உங்க குரல் போன்ல வர்ற மாதிரி இல்லக்கா."

"பேசாத. அடி."

"கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க நிக்கிற மாதிரி இருக்கு. வந்துட்டீங்களா? வெளிய நிக்கிறீங்களா? அங்கிருந்து தள்ளுங்கக்கா!"

இடையில் இன்னொரு அழைப்பு மின்னியது. வைரக்கண்ணு. ஒதுக்கினாள். மறுபடி மின்னியது. ஒதுக்கினாள். மேஜையில் இருந்த ஆபீஸ் போன் அலறத் தொடங்கியது. அதன் ஸ்பீக்கரை ஒரு கையால் தட்டினாள்.

"ஏம்மா, போனை எடுக்க முடியாதா உனக்கு? சென்னையில ஆளு காத்துக்கிட்டிருக்காரு."

"சார், கரைப் பெட்டியைத் தொடவேணாம்னு சொல்லுங்க. அப்சர் உள்ள மாட்டிக்கிட்டாரு. அந்த மணியை மாத்தவே கூடாது. கொஞ்ச நேரம் சார். அவர் வெளிய வர்ற வரைக்கும்."

"பெட்டி மணிக்கும் ஆளுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

எப்படிச் சொல்வாள்? எந்த வார்த்தையில் சொன்னால் வைரக்கண்ணுவுக்குப் புரியும்? "சார், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்," என்றாள். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

"கிறுக்கு பிடிச்சிடுச்சா? நீ பண்ணலைன்னா வேலை நின்னுடுமா? பாஸ்வேர்டு அவருக்கே குடுத்துட்டேன். அவரே ஒரே தட்டுல சரிபண்ணிடுவேன்னாரு."

திரையின் ஓரத்தில் ஒரு புதுப் பெயர் முளைத்தது. யாரோ உள்ளே நுழைந்திருந்தார்கள். ஜெயபாரதி கீபோர்டின் மேல் பாய்ந்தாள். அவரை வெளியே தள்ளும் கட்டளையைத் தட்டினாள், விரல் வழுக்கியது, அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். கடிகாரத்தைத் திருத்த இரண்டு வழி உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வந்து சேர்க்கலாம். அல்லது நடுவில் இருக்கும் நேரத்தை இல்லாமல் ஆக்கிவிட்டு, ஒரே தாவலில் கொண்டுவரலாம். அந்த இரண்டாவதை அவள் கரைப் பெட்டியில் செய்து பார்த்ததில்லை.

போனில் தட், தட். "கொஞ்சம் அசையுதுக்கா! வெளிச்சம் தெரியுது! இன்னும் ஒரே ஒரு…"

கரைப் பெட்டியின் மணி தாவியது.

போனில் இடிபாட்டுச் சத்தம் இல்லை. அலறல் இல்லை. ஒரு சொல் பாதியில் நிற்குமே, அப்படி நின்றது. அவ்வளவுதான். பிறகு தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. இணைப்பு மட்டும் இருந்தது. அறுபடாமல், காதுக்குள் ஓர் இருட்டு அறை திறந்து வைத்ததுபோல.

"அப்சர்?"

ஒன்றுமில்லை.

"தம்பி?"

திரையில் பன்னிரண்டும் பச்சை. பன்னிரண்டும் ஒரே மணி. ஆற்றுக்குள் கிடக்கும் பெட்டியும் வினாடி பிசகாமல் மற்ற பெட்டிகளோடு ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றார் வைரக்கண்ணு ஸ்பீக்கரில். "ஒரு நிமிஷ வேலை. இதுக்கு என்னா நாடகம்."

"சார். ரூம் ஆத்துக்குள்ள போயிடுச்சு. அப்சர் உள்ள இருந்தாரு."

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் வந்தது. யாரோ அதைக் குறைத்தார்கள். அவர் மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது. கனிந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

"அடப்பாவமே. இந்தத் தண்ணியில எதுக்கும்மா அவனை அனுப்பின?"

"நானா?"

"நீதானே அனுப்பின. நான் புதுசு மாட்டச் சொன்னேன். இன்னிக்கே போகச் சொன்னேனா? கரைப்பக்கம் போகாதீங்கன்னு மைக் வெச்சுச் சொன்னது உனக்குத்தானே தெரியும்? எனக்கு யார் சொன்னா?" ஒரு பெருமூச்சு. "சரி, விடு. யார் கேட்டாலும் நீ பயப்படாம உள்ளதைச் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

ஸ்பீக்கர் அணைந்தது. அவள் அந்தச் சிவப்புப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வரவில்லை. இரண்டு பேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கேட்டிருக்கமாட்டார். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

செந்தில்குமார் மறுபடி கூப்பிட்டார். தீயணைப்பு ஆட்கள் வந்துவிட்டார்கள், இருட்டிலும் சுழியிலும் இறங்க முடியவில்லை, விடிந்துதான் பார்க்கவேண்டும் என்றார். அவள் ம் கொட்டினாள். அப்சரின் மனைவி நஜ்மாவுக்கு யார் சொல்வது? அந்தப் பெண்ணை ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே நின்று, மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். சொல்லாமல் இருக்க முடியாது. வைரக்கண்ணு சொல்லமாட்டார். எண்ணைத் தேடி எடுத்து, அழுத்தப் பயந்து, வைத்து, மறுபடி எடுத்தாள். தெருவில் நடமாட்டம் நின்றுவிட்டிருந்தது. நாணல் வாடை இப்போது யூரியாவை முழுக்க விழுங்கியிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் அழுத்துவதற்கு முன் போன் அடித்தது. நஜ்மாவேதான்.

"அக்கா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. அவரு இன்னும் கிளம்பலையா?"

ஜெயபாரதி கண்ணை மூடிக்கொண்டாள். "நஜ்மா, நீ உக்காந்துக்கம்மா. ஒண்ணு சொல்லணும்."

"இல்லக்கா, நான் திட்டமாட்டேன். அங்கதான் இருக்கேன்னு சொன்னாரு. புள்ளை அழுவுது, அதான் திரும்பக் கேக்கறேன்."

"எங்க இருக்கேன்னு சொன்னாரு?"

"ஆபீஸ்லதான். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி போன் பண்ணினாரே. அக்கா போன்ல இருக்காங்க, பின்னாடிதான் நிக்கிறேன், எவ்வளவு கூப்பிட்டும் திரும்பமாட்டேங்கறாங்கன்னாரு."

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது?

"அக்கா? பக்கத்துல இருந்தா அவர்கிட்டக் குடுங்கக்கா."

ஜெயபாரதி திரும்பினாள். மெதுவாக. பின்னால் யாருமில்லை. சுவர். காலண்டர். கேபிள் சுருள்கள். மூடிய கதவு. சிமென்ட் தரை காய்ந்து கிடந்தது.

மூச்சை வெளியே விட்டாள். இடப்பக்கம் ஏதோ அசைந்தது.

ஜன்னல் கண்ணாடி.

கண்ணாடியில் ஆபீஸ் தெரிந்தது. டியூப் லைட், மேஜை, திரை. அவள் தெரிந்தாள். ஆனால் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடிக்குள் இருந்தவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் நின்று, திரையில் கண்ணைப் பதித்து, போனைக் காதோடு நசுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் கத்திக்கொண்டிருந்தாள். பதினேழு நிமிடம் பின்னால்.

ஜெயபாரதி கையைத் தூக்கினாள்.

கண்ணாடிக்குள் கை தூக்கவில்லை.

அவளுடைய மூச்சு படிந்து கண்ணாடி மங்கியது. துடைத்தாள். இன்னும் கிட்டே போனாள். உள்ளே கத்திக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால், டியூப் லைட் வெளிச்சத்துக்குக் கீழேயே, அப்சர் நின்றிருந்தான்.

தலையிலிருந்து வண்டல் வழிந்துகொண்டிருந்தது. கண்குழிகளில் வண்டல். ஒரு காதில் செல்போன் ஒட்டியிருந்தது. வாய் ஓயாமல் அசைந்தது. அவன் முஷ்டியை ஓங்கினான். கதவைத் தட்டுவதுபோல அவள் முதுகில் அடித்தான். மறுபடி ஓங்கினான். அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருந்தவளின் தோள் குலுங்கியது. அவள் சுடிதாரின் முதுகில் கை அகலத்துக்குச் சேறு அப்பிக்கொண்டே வந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். கெஞ்சிக்கொண்டிருந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் அவள் முதுகில் ஊன்றி, நெற்றியை அவள் பிடரியில் வைத்து, முழு உடம்பாலும் தள்ளினான்.

"அக்கா," என்றாள் நஜ்மா போனில். "திரும்பிப் பாருங்கக்கா. பின்னாடிதான் இருக்காராம்."

கண்ணாடிக்குள் இருந்தவள் திரும்பவில்லை. கதவைப் பற்றி, வேகத்தைப் பற்றி, இன்னும் இருக்கிற நேரத்தைப் பற்றி, திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள்.